ஆலோசகர் கையில் முதலில் சாக்பீஸைக் கொடுங்கள்

கல்வி பற்றிய எந்தக் கூட்டமானாலும், டீ வருவதற்குள் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "எவ்வளவு டிரெயினிங் கொடுத்தாலும் நம்ம டீச்சர்ஸ் மாற மாட்டாங்க சார்." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அதிகாரி ஆட்டுவார், தொண்டு நிறுவனக்காரர் ஆட்டுவார், பயிற்சி கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டிப்போன கருத்தாளரும் ஆட்டுவார். அதற்குப் பிறகு பேச்சு நேராக 'மனப்பான்மை மாற்றம்' என்ற இடத்துக்குப் போய் நிற்கும். நிரந்தர வேலை, கை நிறையச் சம்பளம், பின்னால் சங்கம். இவர்களை யார் அசைக்க முடியும் என்று யாராவது முத்தாய்ப்பு வைப்பார்.

இந்தக் கருத்து இன்று ஏறக்குறைய பொதுப்புத்தி ஆகிவிட்டது. பத்திரிகைத் தலையங்கமும் இதைத்தான் சொல்கிறது, ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். ஆசிரியர் கேட்கவில்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு இவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. காதில் கோளாறு என்று மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொல்பவர் என்ன சொல்கிறார், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார், எந்த அதிகாரத்தோடு சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு வகுப்பைப் பார்ப்போம். ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. டீச்சர் நான்காம் வகுப்புக்குக் கழித்தல் நடத்துகிறார். பலகையில் 503 − 178. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைப் பார்த்து எழுதுவதாகப் பேர், அதில் பாதிப் பேர் கழித்தலைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆசிரியர் பயிற்றுநர் உட்கார்ந்திருக்கிறார், கையில் போன். அவர் 'விசிட்' வந்திருக்கிறார். நான் ஜன்னலோரம் இருந்தேன்.

முன்வரிசைப் பையன் ஒருவன் நோட்டில் 475 என்று எழுதி வைத்திருந்தான். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடன் வாங்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். கால் மணி நேரத்தில் பயிற்றுநர் எழுந்தார். பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார்: கரும்பலகை எழுத்து நன்று. துணைக்கருவிகள் பயன்படுத்தலாம். மாணவர் பங்கேற்பை அதிகரிக்கலாம். மெல்லக் கற்போர் மீது தனிக் கவனம் தேவை. "அடுத்த விசிட்ல கொஞ்சம் ஆக்டிவிட்டி இருந்தா நல்லா இருக்கும் டீச்சர்" என்றார். "செஞ்சிடறேன் சார்" என்று டீச்சர் கையெழுத்துப் போட்டார். சார் வயதில் டீச்சரின் மூத்த மகனைவிடச் சற்றுப் பெரியவராக இருப்பார். அடுத்த பள்ளிக்கு அவருக்கு நேரமாகிவிட்டது.

இப்போது அந்த 475-ஐப் பாருங்கள். அது கவனக்குறைவால் வந்த விடை இல்லை. பையன் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து, ஏழிலிருந்து பூஜ்யம் போனால் ஏழு, ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு. அவன் கையில் ஒரு விதி இருக்கிறது, அதை ஒழுங்காகவும் பின்பற்றுகிறான். "கடன் வாங்கு" என்று இன்னும் நூறு தடவை சொன்னாலும் இந்தக் கணக்கில் அவனுக்கு வழி பிறக்காது. பத்தாம் இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து வீட்டில் கடன் கொடுக்க ஒன்றுமில்லை. ஐந்து நூறு ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய்க் காசு என்று காகிதத்தில் வெட்டிக் கொடுத்து, 178 ரூபாயைக் கொடு பார்க்கலாம் என்றால், ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்ற வேண்டும், அதில் ஒரு பத்தை மறுபடி ஒன்றுகளாக மாற்ற வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. அதைப் பார்த்த பிறகு பலகையில் அடித்து எழுதும் 4, 9, 13 எங்கிருந்து வந்தன என்ற கேள்வியே எழாது. 503-இலிருந்து ஏறக்குறைய இருநூறு போனால் மீதி எவ்வளவு இருக்கும் என்று முதலில் ஒரு கேள்வி கேட்டிருந்தால், 475 ஆகாது என்று அவனே அழித்திருப்பான்.

இதில் ஒரு வரிகூடப் பதிவேட்டில் இல்லை. துணைக்கருவி பயன்படுத்தலாம் என்றால் எந்தக் கருவி, எந்தத் தவறுக்கு? மாணவர் பங்கேற்பை அதிகரிக்கலாம் என்றால் அந்தப் பையன் எதில் பங்கேற்க வேண்டும்? பயிற்றுநர் எழுதிய நான்கு வரிகளை அப்படியே எடுத்துப்போய்ப் பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறிவியலுக்கும் எழுதலாம், பொருந்தும். எல்லா வகுப்புக்கும் பொருந்துகிற ஆலோசனையை எந்த வகுப்பிலும் வைத்துச் செயல்படுத்த முடியாது. டீச்சர் அதைப் புறக்கணித்தது பிடிவாதத்தால் என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அவர் அதை ஏற்றுக்கொள்ள விரும்பினால், மறுநாள் காலை ஒன்பதரைக்கு என்ன செய்திருக்க வேண்டும்?

பயிற்றுநர் மட்டும் நாற்காலியை நகர்த்திப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்டிருந்தால் கதையே வேறு. அல்லது பத்து நிமிடம் ஐந்தாம் வகுப்பைத் தான் பார்த்துக்கொண்டு, டீச்சரை அந்தப் பையனோடு விட்டிருக்கலாம். அதற்குப் பணிமனை வேண்டாம், பவர்பாயிண்ட் வேண்டாம்.

மனப்பான்மைதான் நோய் என்பவர்களுக்கு ஹரியானா நல்ல பதில். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கையேடு கொடுத்தார்கள், படிவங்களும் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அளந்து பார்த்தபோது, பிள்ளைகளின் கற்றலில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மாற்றமும் இல்லை. அதே மாநிலத்தில், அதே 2012-13 காலத்தில், பிரதம் அமைப்பு உருவாக்கிய முறையில் தினம் ஒரு மணி நேரம் வகுப்பு வாரியாக அல்லாமல் வாசிப்பு நிலை வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து இந்தி சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே வாசிப்பு உயர்ந்தது. இரண்டிலும் அதே அரசு ஆசிரியர்கள்தான், அதே நிரந்தர வேலை, அதே சம்பளம், அதே சங்கம். மனப்பான்மை ஒரு திட்டத்தில் இருந்து இன்னொன்றில் காணாமல் போய்விட்டதா என்ன?

வேறுபாடுகள் பல உண்டு. தினமும் அந்த ஒரு மணி நேரத்தை அரசே தனியாக ஒதுக்கிக் கொடுத்தது முக்கியமானது. ஆனால் என் கண்ணுக்குப் படுவது வேறு ஒன்று. வாசிப்புத் திட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டிய வட்டார அலுவலர்கள் முதலில் நான்கு நாள் பயிற்சி பெற்று, பிறகு பதினைந்து இருபது நாள் தாங்களே வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு அந்த முறையில் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியருக்குச் சொல்லப் போனார்கள். எந்த இடத்தில் பிள்ளை திணறும், எந்த இடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன்பு பீகாரிலும் உத்தரகண்டிலும் ஏறக்குறைய இதே முறைக்கான வாசிப்புப் பொருட்களைக் கொடுத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு வந்தபோது பள்ளி வகுப்பறைக்குள் பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் இந்தப் பொதுப்புத்திக்குள் ஒளிந்திருக்கிறது: கண்காணிப்பை இறுக்கினால் கற்பித்தல் தானாக மேம்படும் என்பது. மத்தியப் பிரதேசத்தில் இதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதி, அலுவலர்கள் தொடர்ந்து வந்து பார்க்க ஏற்பாடு செய்த ஒரு பெருந்திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆய்வு செய்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்களும் எழுதப்பட்டன. வகுப்பறையில் கற்பித்தலோ பிள்ளைகளின் கற்றலோ மாறவில்லை. ஆனாலும் தாளில் எல்லாம் கச்சிதமாக இருந்ததால் அந்த மாதிரி வெற்றி என்று கொள்ளப்பட்டு, நாடெங்கும் லட்சக்கணக்கான பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் ஆசிரியர் எங்கே கேட்கவில்லை? கேட்டார். கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தார். கேட்கப்பட்டது காகிதம்தான்.

பள்ளியை ஆய்வு செய்பவரும் ஆலோசகரும் ஒரே ஆளாக இருப்பதுதான் நம் ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பிள்ளைகளுக்கு முதல் நாளே விடையைச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்குச் சுண்ணாம்புக்குப் பதிலாகச் செயலி. பயிற்றுநர் வகுப்பில் பார்த்தது அன்று மாலைக்குள் மேலே போய்விடும், ஆய்வுக் கூட்டத்தில் திரையில் வரும், எந்த ஒன்றியம் பின்தங்கியது என்று நிறம் பூசிக் காட்டுவார்கள். இது தெரிந்த பிறகு எந்த ஆசிரியர் அவரிடம் போய், "சார், பின்னம் எனக்கே சரியா பிடிபடல, எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க" என்று வாய் திறப்பார்? ஆலோசனை தொடங்கவே அந்த ஒரு வாக்கியம் வெளியே வர வேண்டும். அது வெளியே வராதபடி எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு, ஆசிரியர் மனம் திறப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

பயிற்றுநர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை. அவர்கள் நிலைமை ஆசிரியரைவிடப் பரிதாபம். பி.எட். முடித்து, தேர்வு எழுதி, உயர்நிலைப் பள்ளிப் பாடத்துக்கென்று தயாரானவர்கள் நேராக வட்டார வள மையத்துக்கு வந்து, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து அறிமுகம் செய்வது பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு நடுவே பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, எமிஸ் பதிவு, ஏதாவது ஒரு விழா. ஒரு நாளைக்கு இத்தனை பள்ளி என்ற கணக்கு வேறு. அவரைக் குறை சொல்வது எளிது. ஒரு வாரம் ஒரே வகுப்பில் நின்று பாடம் நடத்த அவருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்மிடமே நல்ல முன்னுதாரணம் இருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, அன்றைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் ஆசிரியர்களை ரிஷி வேலிப் பள்ளிக்கு அனுப்பினார். ஆசிரியர்களே பார்த்து, செய்து, அட்டைகளைத் தங்கள் கையால் உருவாக்கினார்கள். 2007-08-ல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது, பள்ளிகள் ஏறக்குறைய 37,000. அதற்குப் பிறகு பார்வையிட வந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்த்தது பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலைத்தான். சுய வருகைப் பதிவு மாட்டியிருக்கிறதா, ஆரோக்கியச் சக்கரம் சுற்றுகிறதா, ஏணிப்படி கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏணியில் ஒரு பிள்ளை ஏன் அதே படியில் மூன்று வாரமாக நிற்கிறது என்பதைப் பார்க்க நேரமில்லை, அதற்கான கட்டமும் படிவத்தில் இல்லை. அதற்கும் கடைசியில் ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை என்றுதான் தீர்ப்பு எழுதினார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரிக்கும் யோசனை நல்ல யோசனை. ஆசிரியர் கையேடும் இருக்கிறது. அதற்கும் கம்பிப் பந்தலின் கதி வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

"அப்படியானால் வகுப்புக்கே போகாமல் செய்தித்தாள் படிக்கிற ஆசிரியர் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார். அவருக்குத் தேவை ஆலோசனை இல்லை, குறிப்பாணை. அதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார், விதிகள் இருக்கின்றன. அந்த ஒருவருக்காகச் செய்யப்பட்ட கண்காணிப்பை ஒழுங்காக வேலை செய்கிற ஒன்பது பேர் மேலும் போர்த்திவிட்டு, அதற்கு ஆலோசனை என்று பெயர் வைத்ததால் இரண்டு வேலையும் கெட்டன. வேலை செய்யாதவர் பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொண்டு தப்பிக்கிறார். செய்கிறவர் எரிச்சலடைகிறார்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் பயிற்சி என்கிறது. ஐம்பது மணி நேரம் கெட்ட எண் இல்லை. ஆனால் அந்த மணி நேரங்கள் எங்கே கழிகின்றன? பெரும்பாலும் திரை முன்னால், காணொலியை ஓடவிட்டு, இறுதியில் பத்துக் கேள்விக்கு டிக் போட்டு, சான்றிதழைத் தரவிறக்குவதில். அமெரிக்காவில் டி.என்.டி.பி. என்ற அமைப்பு 2015-ல் சில பெரிய பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்தது. ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 18,000 டாலர் மதிப்புக்கு மேம்பாட்டுச் செலவு ஆகியும், பத்தில் மூன்று ஆசிரியர்களிடம்தான் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. காசும் மணி நேரமும் கூட்டினால் தீரும் சங்கதி இல்லை இது.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015-16-ல் செய்த சோதனை இன்னும் நேரடியானது. தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்பிப்பதற்கு, இரண்டு தொகுதிப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வாசிப்புப் பொருட்கள். ஒரு தொகுதி ஆசிரியர்களை மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு தொகுதிக்கு ஒரு பயிற்றுநர் வகுப்பறைக்கே திரும்பத் திரும்ப வந்தார். இரண்டாண்டு முடிவில் இரண்டாவது தொகுதிப் பிள்ளைகளிடம் வாசிப்பு முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிறகு இன்னொரு மாகாணத்தில் செலவைக் குறைக்கலாமே என்று ஆங்கிலத்துக்கு டேப்லெட், தொலைபேசி வழியாகப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில், நேரில் வந்தவர்களின் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு உயர்ந்தது, தொலைவழிப் பள்ளிகளில் உயரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'வாழ்த்துகள் டீச்சர்' என்று கைகூப்பும் படம் அனுப்புவதையே வழிகாட்டல் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஆசிரியர் சங்க நண்பர்கள் கைதட்டுவார்கள் என்று தெரியும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "எங்களுக்குத் தெரியும், எங்களை விட்டுவிடுங்கள்" என்பது அவர்கள் தரப்பு. விட முடியாது. அந்த டீச்சர் 475-ஐப் பார்த்துவிட்டு நகர்ந்தார், அதுவும் உண்மை. இருபது வருட அனுபவம் அந்தத் தவறை அவருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நடத்தும் வகுப்பில் தன் தவறு தனக்குத் தெரிவது அரிது. ஜப்பானில் நூறு ஆண்டுக்கும் மேலாக ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் பிரித்துப் போடுவார்கள். விமர்சனம் பாடத்தின் மேல் விழும், ஆள் மேல் விழாது. பாடம் எல்லோரும் சேர்ந்து எழுதியது, யாருக்கும் ரோஷம் வர இடமில்லை. நம் குறுவள மையக் கூட்டங்களில் இதைச் செய்யத் தனி அரசாணை எதுவும் தேவையில்லை. சுற்றறிக்கை வாசிப்பைப் பாதியாகக் குறைத்து, ஒரு வகுப்புப் பிள்ளைகளை அங்கேயே உட்காரவைத்தால் போதும்.

கடைசியாக வரும் எதிர்ப்புதான் உண்மையிலேயே கனமானது: ஆள் பற்றாக்குறை. வகுப்பில் உட்கார்ந்து, கூட நின்று, பாடம் நடத்திக் காட்டி, மறுபடி வந்து பார்க்க எத்தனை பயிற்றுநர் வேண்டும்? கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் 2018-ல் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வகுப்பறை வழிகாட்டலால் கற்பித்தலும் கற்றலும் மேம்படுவது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குவதும் அதே ஆய்வில் தெரிந்தது. நல்ல வழிகாட்டியைக் கும்பல் கும்பலாக உற்பத்தி செய்ய முடியாது. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மை ஆகாது.

ஆனால் இந்த எதிர்ப்பிலிருந்து நம் ஆட்கள் எடுக்கும் முடிவு விசித்திரமானது. எல்லோருக்கும் நல்லதைக் கொடுக்க முடியாது, ஆகவே எல்லோருக்கும் பயனற்றதைக் கொடுப்போம் என்கிறார்கள். ஒரு பயிற்றுநருக்கு ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு பள்ளி போதும். வாரத்தில் இரண்டு நாள் அவர் அங்கே பாடம் நடத்தட்டும், ஆசிரியர் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பயிற்றுநருடைய வகுப்பும் சில நாள் சொதப்பும், அதையும் ஆசிரியர் பார்க்கட்டும். பார்த்ததில் எதுவும் மேலிடத்துக்குப் போகக் கூடாது. அடுத்த பருவத்துக்கு வேறு நான்கு பள்ளி. இப்படிச் செய்தால் ஒன்றியத்தில் பெரும்பாலான பள்ளிகளுக்கு அந்தப் பருவத்தில் ஒரு 'விசிட்'டும் இருக்காது, ஆய்வுக் கூட்டத்துத் திரையில் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். விசிட் வராத பள்ளிகள் அதை ஒரு இழப்பாகக் கருதும் என்று எனக்குத் தோன்றவில்லை.